விபத்து நட்டஈட்டு வழக்கில் மனவடு நோயை மதிப்பிடுதல்: வன்னியில் பணி தொடங்கும் வைத்தியர்களுக்கான செய்முறை விளக்கம்

ஏ-9 வீதியில் டிப்பர் மோதிக் கால் முறிந்தவரின் எலும்பு முறிவை எக்ஸ்-றே படமே நீதிமன்றத்துக்குச் சொல்லிவிடும். அதே மனிதர் அந்த விபத்துக்குப் பின் இரவில் அலறி எழுவதையும், சந்திக்குப் போகாமல் வீட்டுக்குள் முடங்கியிருப்பதையும் வீட்டாரின் சாட்சியமும் வைத்தியரின் அறிக்கையுமே எடுத்துக்காட்ட வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் மனநலப் பிரிவுகளில் முதன்முறையாக இத்தகைய அறிக்கையை எழுத அமர்பவருக்காகவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். இவ்வழக்குகளைக் கையாளத் தொடங்கும் இளம் சட்டத்தரணிகளும் இதை வாசித்தால், தம்மிடம் வரும் அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை அறிந்துகொள்ளலாம்.

நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய், அதாவது பி.ரி.எஸ்.டி., 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டின் மூன்றாம் பதிப்பில் தனி நோயாக இடம்பெற்றது. வன்னியில் இந்நோயை மதிப்பிடுவதில் உள்ள பெருஞ்சிக்கல், இங்கே விபத்துக்கு முன்னரே மனவடு இல்லாதவர் அரிது என்பதுதான். ஆகவே மற்றப் படிகளைச் சுருக்கமாகச் சொல்லி, பழைய காயத்தையும் புதிய காயத்தையும் பிரித்தெழுதும் படியில் கூடுதலாக நிற்கப்போகிறேன்.

முதலாம் படி: கேட்டவர் யார், கேட்ட கேள்வி என்ன?

அறிக்கையைக் கோருபவர் பாதிக்கப்பட்டவரின் சட்டத்தரணியாக இருக்கலாம், காப்புறுதி நிறுவனமாக இருக்கலாம், நீதிமன்றமாகவும் இருக்கலாம். யார் கோரினாலும் உங்கள் கடமை நீதிமன்றத்துக்கே உரியது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, துறைசார் நிபுணரின் கருத்தைச் சான்றாக ஏற்க இடமளிக்கிறது. கட்சிக்காரரின் பக்கம் பேசுவதற்கான அனுமதியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய் உண்டா, அது விபத்தால் வந்ததா, வேலையையும் வாழ்க்கையையும் எந்த அளவு பாதித்துள்ளது, சிகிச்சையால் எவ்வளவு தேறும் என்ற நான்கு கேள்விகளையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

சிகிச்சை தரும் வைத்தியரும் நீதிமன்றத்துக்கு மதிப்பீடு செய்யும் வைத்தியரும் வெவ்வேறானவர்களாக இருப்பதே சிறந்தது. ஆனால் நிபுணர்கள் குறைவாக உள்ள நம் மாவட்டங்களில் அது எப்போதும் கைகூடுவதில்லை. ஒருவரே இரண்டையும் செய்ய நேர்ந்தால் அதை அறிக்கையின் முதற்பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

கால எல்லையும் இந்தக் கட்டத்திலேயே கவனத்துக்கு வர வேண்டும். கவனயீனத்தால் ஏற்பட்ட தீங்குக்கான வழக்கு இலங்கையில் உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தின் வழியே நடக்கிறது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடுக்கும் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் செலுத்த வசதியற்றவரைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு அனுப்புவதும் நம் கடமைக்குப் புறம்பானதன்று.

இரண்டாம் படி: ஆளைப் பார்க்குமுன் ஆவணங்களைப் பார்த்தல்

வைத்தியசாலை நோய் நிர்ணய அட்டை, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிளினிக் கொப்பி, வேலைத்தலத்துப் பதிவுகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். தலையில் அடிபட்டதா, நினைவிழந்தாரா, ஸ்கேன் எடுக்கப்பட்டதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூளைக்கு ஏற்பட்ட சிறு காயமும் மறதி, எரிச்சல், நித்திரைக் குலைவு ஆகியவற்றைத் தரும் என்பதால் இது பின்னர் தேவைப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2009க்கு முந்தைய மருத்துவப் பதிவுகள் பலரிடம் இருக்காது. இடம்பெயர்ந்து, கொண்டுவந்த பைகளையும் வழியிலே கைவிட்டு, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு உடுத்த துணியோடு வந்தவரிடம் பழைய கிளினிக் கொப்பியைக் கேட்க முடியாது. பதிவு இல்லை என்பதற்காக “முன்னர் எந்த மனநோயும் இருக்கவில்லை” என்று எழுதுவதும் தவறு, “உறுதிப்படுத்த முடியாத கூற்று” என்று தள்ளுவதும் தவறு. “2009க்கு முந்தைய ஆவணங்கள் கிடைக்கவில்லை, பின்வரும் விவரம் அவரும் அவருடைய சகோதரியும் தனித்தனியே கூறியதிலிருந்து பெறப்பட்டது” என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

மூன்றாம் படி: நேர்காணல்

அவர் சொல்வது நீதிமன்றத்துக்கும் எதிர்த்தரப்புக்கும் போகும் என்பதையும், இது சிகிச்சைக்கான சந்திப்பு அன்று என்பதையும் தொடக்கத்திலேயே விளக்கிச் சம்மதம் பெறுங்கள். முதற்பகுதியில் உறவினரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். கணவனோ மகனோ பக்கத்தில் இருந்தால், அவர்கள் மனம் நோகுமென்று பல பெண்கள் பாதியை விழுங்கிவிடுவார்கள். பிறகு அதே உறவினரிடம் தனியாகக் கேட்கலாம்; விபத்துக்கு முன்னும் பின்னும் அவரைப் பார்த்தவரின் சொல் மிகவும் பெறுமதியானது.

அறிகுறிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பதை முதலில் செய்யாதீர்கள். “கெட்ட கனவு வருதோ? திடுக்கிடுறீங்களோ?” என்று வரிசையாகக் கேட்டால் எல்லாவற்றுக்கும் “ஓம்” என்றே பதில் வரும், அந்த “ஓம்” குறுக்கு விசாரணையில் நிற்காது. “அம்மா, அன்றைக்குக் காலமை எழும்பினதில இருந்து சொல்லுங்கோ” என்று தொடங்கி, அவரைப் பேசவிட்டுக் காத்திருங்கள்.

கற்பனையான ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். விசுவமடுப் பக்கத்துப் பெண், வயது நாற்பத்தைந்து. பரந்தன் சந்திக்கு அருகே தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகையில் மணல் டிப்பர் ஒன்று இடித்துத் தள்ளியது. தம்பி அந்த இடத்திலேயே இறந்தார். “பிள்ளை, லைற் வெளிச்சம் தெரிஞ்சது, பிறகு டயர் எரியிற மணம். அது மட்டுந்தான் இப்பவும் மூக்கில நிக்குது” என்கிறார். வெளியே ஒரு பஸ் ஹோன் அடிக்கிறது; அவருடைய வலக்கை தானாகக் கதிரையின் விளிம்பைப் பிடிக்கிறது, பேச்சு அறுந்துபோகிறது, உங்கள் கேள்வியை மீண்டும் கேட்க வேண்டியிருக்கிறது. இதைக் கண்டபடியே, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். “பதகளிப்பாகக் காணப்பட்டார்” என்ற பொதுவான வரியைவிட இந்தக் குறிப்பு நீதிபதிக்கு உதவும்.

நம்மவர்கள் மனத்தின் நோவை உடம்பின் மொழியில் சொல்வார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நெஞ்சு இறுக்கம், தலையிடி, உடம்பு எரிவு, “ஒரே யோசனை” ஆகியவற்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மெதுவாக விசாரிக்க வேண்டும். நெஞ்சு எப்போது இறுகுகிறது என்று கேட்டால், கடைக்குப் போகப் படலையைத் திறக்கும்போதே என்ற பதில் வரக்கூடும்.

நான்காம் படி: அறிகுறிகளை அளவுகோலோடு பொருத்துதல்

2013இல் வந்த டி.எஸ்.எம்.-5, முதலில் நிகழ்வைப் பார்க்கிறது: இறப்பு, இறப்பின் அச்சுறுத்தல், கடுங்காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஒன்றுக்கு அவர் நேரடியாக உட்பட்டிருக்க வேண்டும், நேரில் கண்டிருக்கவும் கூடும், நெருங்கிய உறவினருக்கோ நண்பருக்கோ வன்முறையாலோ விபத்தாலோ நேர்ந்ததை அறிந்திருக்கவும் கூடும். அதன்பின், அழையாமல் திரும்பிவரும் நினைவு, கனவு போன்ற ஐந்தில் ஒன்றும், தவிர்த்தலின் இரண்டில் ஒன்றும், எண்ணத்திலும் மனநிலையிலும் ஏற்படும் ஏழு மாற்றங்களில் இரண்டும், திடுக்கிடல், எரிச்சல், நித்திரைக் குலைவு முதலான ஆறில் இரண்டும் இருக்க வேண்டும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வாழ்க்கையைக் குலைத்திருக்க வேண்டும். மூன்று நாள் முதல் ஒரு மாதம் வரையானது கடும் நெருக்கீட்டு நோய் என வேறு பெயரால் அழைக்கப்படும். ஆகவே விபத்து நடந்த மூன்றாம் வாரத்தில் மனவடு நோய் என்று எழுதிக் கொடுக்க முடியாது. முழு அறிகுறிகளும் ஆறு மாதங்களுக்குப் பின்னரே நிறைவுறுவதும் உண்டு.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 இந்நோயின் அறிகுறிகளை மூன்று கூறுகளாகச் சுருக்கி, நீண்டகால வன்முறைக்குப் பின் வரக்கூடிய சிக்கலான மனவடு நோயையும் தனியே பிரித்துள்ளது. எந்த அளவுகோலைப் பின்பற்றினீர்கள் என்பதை எழுதிவிடுங்கள்.

மனவடு அறிகுறிகளின் அளவை அவரே புள்ளியிட்டுக் காட்டும் பி.சி.எல்.-5 என்னும் இருபது கேள்விப் படிவத்தில் 80க்கு 31 முதல் 33 வரையான புள்ளி, மேலும் ஆராய வேண்டும் என்பதற்கான எல்லை. அது நோய்க்கான சான்று ஆகாது. வாசிக்கத் தெரியாதவருக்கு யார் வாசித்துக் காட்டினார், எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் குறிக்க வேண்டும்.

மன அழுத்த நோய், நீடித்த துயர நோய், வாகன அச்சம், மதுப் பழக்கம், மூளைக் காயம் ஆகியவற்றை விலக்கினீர்களா, உடனிருப்பதாக ஏற்றீர்களா என்று காரணத்தோடு எழுதுங்கள். நம் உதாரணப் பெண்ணின் அழுகையில் தம்பியின் இழப்பு எவ்வளவு, டிப்பரின் அச்சம் எவ்வளவு என்பது நேர்மையாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய கேள்வி.

ஐந்தாம் படி: பழைய காயமும் புதிய காயமும்

இந்தப் பெண் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இருந்தவர். செல்லடியில் மூத்த மகனை இழந்தவர். தோளில் சன்னத் துண்டு இன்னும் இருக்கிறது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, “இவரின் நோய் போரால் வந்தது, டிப்பரால் அல்ல” என்பார். அறிக்கை இதை முன்கூட்டியே எதிர்கொண்டிருக்க வேண்டும். போரைப் பற்றி எழுதினால் வழக்குக் கெட்டுவிடும் என்று சிலர் அந்தப் பகுதியை மறைத்துவிடுகிறார்கள். இது நேர்மையற்றது, அதோடு, குறுக்கு விசாரணையில் அது வெளிவரும்போது அறிக்கை முழுவதுமே நம்பகம் இழக்கிறது.

முதலில் ஒரு காலக்கோடு வரையுங்கள். போர் முடிந்தது, முகாம், மீள்குடியேற்றம், விபத்துக்கு முந்தைய ஓராண்டு, விபத்து, இன்று. ஒவ்வொரு கட்டத்திலும் நித்திரை எப்படி, வயலுக்குப் போனாரா, கோயில் திருவிழாவுக்குப் போனாரா, பஸ்ஸில் தனியே கிளிநொச்சிக்குப் போனாரா என்று கேளுங்கள். “சுகமாக இருந்தீர்களா” என்ற கேள்விக்குக் கிடைக்காத விவரம் இவற்றுக்குக் கிடைக்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஆண்டுதோறும் போய்வந்தவர் விபத்துக்குப் பின் போகவில்லை என்றால், அதை அயலவரும் உறுதிப்படுத்தலாம்.

அடுத்து, கனவிலும் நினைவிலும் எது வருகிறது என்று கேளுங்கள். டிப்பரின் வெளிச்சமா, பங்கரா, இரண்டும் கலந்தா? எதைத் தவிர்க்கிறார்: ஏ-9 வீதியையா, கடற்கரையையா? விபத்துக்குப் பின் தொடங்கிய கனவில் டயர் மணமும் வெளிச்சமும் வந்து, அவர் விலகி நடப்பது வீதியை என்றால், புதிய காரணத்துக்கு அது வலுவான சான்று. விபத்துக்குப் பின் மகனின் முகமும் மீண்டும் கனவில் வரத் தொடங்கியிருந்தால், பழையது கிளறப்பட்டது என்று எழுதுங்கள்.

இதிலிருந்து மூன்று முடிவுகளில் ஒன்றுக்கு வரலாம். பழைய நோய் தணிந்து இயல்பாக வாழ்ந்தவருக்குப் புதிய நோய் வந்துள்ளது என்பது ஒன்று. தாங்கக்கூடிய அளவில் இருந்த பழைய அறிகுறிகளை விபத்து தாங்க முடியாத அளவுக்கு ஏற்றிவிட்டது என்பது மற்றொன்று; வன்னியில் இதற்கு இடமுண்டா என்பதைத் தவறாமல் ஆராய வேண்டும். முழு நோயும் முன்னரே இருந்தது, விபத்து சிறிது காலம் அதைக் கூட்டியது என்பது மூன்றாவது. பாதிக்கப்பட்டவரை அவர் இருந்த நிலையிலேயே ஏற்க வேண்டும் என்பது தீங்கியல் சட்டத்தின் நெறி; எளிதில் உடையும் மனத்தோடு இருந்தார் என்பதால் இடித்தவரின் பொறுப்பு நீங்காது. ஆனால் விபத்தே நடக்காவிடினும் இருந்திருக்கும் துன்பத்தை இடித்தவர் தலையில் ஏற்றவும் முடியாது. எவ்வளவு வீதம் எதனால் என்று இலக்கத்தில் சொல்லும்படி வற்புறுத்தினால், சான்று தாங்கும் அளவுக்கு மேல் போகாமல், “பெரும்பகுதி” “சிறுபகுதி” என்று சொல்லிக் காரணம் தருவதே சரியென்று கருதுகிறேன்.

ஆறாம் படி: மிகைப்படுத்தல், பாதிப்பு, எதிர்காலம்

பணம் கிடைக்கவிருக்கும் இடத்தில் மிகைப்படுத்தலை ஆராயத்தான் வேண்டும். ஆனால் சந்தேகத்தோடு தொடங்கக் கூடாது. சொல்வதும் கிளினிக் கொப்பியும் உறவினர் சொல்வதும் நீங்கள் கண்டதும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். திகதிகளில் சிறு முரண் வருவது இந்நோயில் எதிர்பார்க்கத்தக்கதே.

பாதிப்பைச் செயல்களாக எழுதுங்கள்: தையல் வேலைக்குத் துணி வாங்கச் சந்தைக்குப் போக முடியாததால் வருமானம் நின்றது என்பது போல. மனவடுவை மையப்படுத்திய அறிதல் நடத்தைச் சிகிச்சை, கண்ணசைவின் துணையோடு மனவடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். சிகிச்சை, சேர்ட்ரலீன் போன்ற மருந்துகள் ஆகியவற்றால் பலர் தேறுகின்றனர். எந்தச் சிகிச்சை, எங்கே, எவ்வளவு காலம், போக்குவரத்துச் செலவு என்ன என்று எழுதினால் அதுவும் நட்டஈட்டுக் கணக்கில் சேரும். வழக்கு முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடும்படி யார் சொன்னாலும் அதை ஏற்காதீர்கள்.

ஏழாம் படி: எழுதுதலும் சாட்சிக்கூண்டும்

அவர் சொன்னது, நீங்கள் கண்டது, ஆவணம் காட்டுவது, உங்கள் கருத்து ஆகிய நான்கையும் வெவ்வேறு தலைப்புகளில் பிரித்து எழுதுங்கள். சிவில் வழக்கில் ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் தேவையில்லை. இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே சாத்தியம் கூடுதல் என்றால் போதும், அந்தச் சொற்களிலேயே கருத்தைக் கூறுங்கள். சாட்சிக்கூண்டில் நீங்கள் பாராத ஓர் ஆவணம் நீட்டப்பட்டால், “இதை நான் பார்க்கவில்லை, இது உண்மையாயின் என் கருத்தின் இந்தப் பகுதி மாறும், இந்தப் பகுதி மாறாது” என்று பதில் சொல்லுங்கள். பின்னர் நீதிமன்றம் கேட்டால், அந்த மாற்றத்தைத் துணை அறிக்கையாக எழுதி, முதல் அறிக்கையின் திகதியைக் குறிப்பிட்டு, இரு தரப்பினருக்கும் கிடைக்கும்படி பதிவாளரிடம் ஒப்படையுங்கள்.