வாசல் விளக்கையும் மின்விசிறியையும் ஒழுங்குபடுத்திய விதம்

யாழ்ப்பாணம் நல்லூரிலுள்ள எங்கள் வீட்டு வாசல் விளக்கு, சூரியன் மறையும்போது எரியுமாறு அமைக்கப்பட்டிருந்தும், ஆனி மாதத்தில் நள்ளிரவு கடந்த பின்னரே எரிந்தது. விளக்கின் ஸ்மார்ட் ஆளியில் (சுவிட்சில்) இயங்கும் டஸ்மோட்டா மென்பொருளில், சூரியன் மறையும் நேரத்தைக் கணிக்க உதவும் அகலக்கோடும் நெடுங்கோடும் நாம் மாற்றும்வரை பாரிஸ் நகரத்தினுடையவையாகவே இருக்கும் என்பதே காரணம். நேர வலயத்தை +5:30 எனவும், அகலக்கோட்டை 9.67, நெடுங்கோட்டை 80.01 எனவும் பதிந்ததும் அன்று மாலையே விளக்கு உரிய நேரத்தில் எரிந்தது.

மின்விசிறிக்குத் தனி ஆளி. மின்தடை நீங்கியதும் அது முந்தைய நிலைக்கே திரும்பி, ஆளில்லாத அறையிலும் சுழன்றதால், மின்சாரம் மீளும்போதுள்ள தொடக்க நிலையை 0, அதாவது அணைந்த நிலை, ஆக்கினேன். வேகத்தைப் பழைய சுவர் ரெகுலேட்டரே பார்த்துக்கொள்கிறது. விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை மின்விசிறிக்கு இணைத்தால் மோட்டார் இரையும், சூடேறவும் கூடும் என்பதால் அதை நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.