மொடியூலர் சிந்தசைசரில் கமகம்: தொடு கொன்ட்ரோலரை அமைக்கும் முறை

கோணேச்சரத்தில் நாதசுரம் கேட்டு வளர்ந்த காதுக்கு, கறுப்பு வெள்ளைக் கட்டைகளில் வரும் சுரம் போதாது. விரல் வழுக்கும் ரிப்பனோ, ஒவ்வொரு விரலின் அழுத்தத்தையும் தனித்தனியே உணரும் எம்.பி.ஈ (MPE) பலகையோ தொடு கொன்ட்ரோலராக வேண்டும். அதை மொடியூலர் சிந்தசைசரோடு (தனித்தனி ஒலிப் பெட்டிகளை வயரால் இணைக்கும் கருவியோடு) சேர்க்க வயர் செருகுவது எளிது, அமைப்பதில்தான் வேலை.

சிந்தசைசரைப் போட்டு 30 நிமிடம் விடுங்கள். அனலொக் ஒசிலேற்றரின் (ஒலியைப் பிறப்பிக்கும் பகுதியின்) சுருதி வெப்பத்தோடு நகரும். திருகோணமலை வெயிலில் விசிறி இல்லாமல் இருக்க முடியாதுதான், ஆனால் சுழலும் விசிறியின் காற்று விட்டுவிட்டுப் பட்டால் சுருதி நிற்காது.

மிடியை (கொன்ட்ரோலர் அனுப்பும் இலக்கச் செய்தியை) வோல்ற்றேஜாக்கும் மாற்றியிலிருந்து மூன்று வயர்: சுருதி ஒசிலேற்றருக்கு, கேற் (சுரம் தொடங்கி முடிவதைச் சொல்லும் சைகை) ஒலியின் ஏற்ற இறக்கத்தை வடிக்கும் என்வலப்புக்கு, அழுத்தம் அளவைக் குறைக்கும் அற்றெனுவேற்றர் வழியாக ஒலியின் கூர்மையை மாற்றும் பில்டருக்கு. எம்.பி.ஈயில் ஒவ்வொரு விரலும் தனிச் சனலில் போகும். மாற்றி ஒரே சனலை மட்டும் கேட்டால் சில சுரங்கள் ஒலிக்கவே மாட்டா. ஒற்றைக் குரலுக்குக் கொன்ட்ரோலரையே ஒற்றைச் சனலுக்கு மாற்றிவிடுங்கள்.

அதிகம் பிழை வருவது பிட்ச் பெண்ட் எல்லையில், அதாவது விரலை இழுத்தால் சுருதி எவ்வளவு தூரம் வளையலாம் என்பதில். எம்.பி.ஈயில் வழமை ±48 அரைச்சுரம், சாதாரண மிடியில் ±2. கொன்ட்ரோலரில் 48, மாற்றியில் 2 என்றிருந்தால், ஒரு ஸ்தாயி இழுத்தும் அரைச்சுரத்தில் பாதிதான் நகரும். மறுவளமாக இருந்தால் சின்ன அசைவுக்கே வீறிடும். இரண்டிலும் ஒரே எண் இருக்கவேண்டும். கமகத்துக்கு 12 தாராளம். சுருதிப் பாதையில் குவான்டைசர் (சுருதியைக் கிட்டிய சுரத்துக்கு இழுத்து நிறுத்தும் பகுதி) இருந்தால் கழற்றுங்கள், இழைவைப் படிக்கட்டாக்கிவிடும். சுரத்துக்குச் சுரம் தானாக வழுக்கும் போர்ட்டமென்டோவும் வேண்டாம்: அது எல்லாச் சுரத்தையும் ஒரே மாதிரி இழுக்கும், கமகம் அப்படியல்ல.

பிறகு மாற்றியின் சுருதி வோல்ற்றேஜை மல்டிமீற்றரால் அளவிடுங்கள். ஸ்தாயிக்கு 1 வோல்ற், அரைச்சுரத்துக்கு 83.3 மில்லிவோல்ற். ஸ்தாயிக்கு 10 மில்லிவோல்ற் பிசகினால் 12 சென்ற் (அரைச்சுரத்துக்கு 100 சென்ற்); நான்கு ஸ்தாயி ஏறும்போது 48 சென்ற், கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி. அளவு சரியாக இருந்தும் மேல் சுரங்கள் பிசகினால், ஒசிலேற்றரின் ஸ்கேல் திருகைத் திருத்துங்கள். சுருதியை இரண்டு ஒசிலேற்றருக்குப் பிரிப்பதானால் பஃபர் (வோல்ற்றேஜ் இறங்காமல் காக்கும் சுற்று) உள்ள மல்டிபிள், அதாவது பிரிப்பான், பாவியுங்கள்; வெறும் மல்டிபிளில் வோல்ற்றேஜ் சற்று இறங்கும்.

மிடி அழுத்தம் 128 படிகள்தான். பில்டரில் அது கரகரப்பாகக் கேட்டால் 10 முதல் 20 மில்லிசெக்கன் ஸ்லூ (படிகளை மெல்ல இழைக்கும் பகுதி) போதும். கூட்டினால் விரலின் தாக்கம் மழுங்கும். அற்றெனுவேற்றரை பூச்சியத்திலிருந்து மெல்லத் திறவுங்கள். முழு அழுத்தத்திலும் பில்டர் உச்சத்தைத் தொடாத இடமே சரி, மேலே கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் வாசிப்பில் ஏற்றம் கேட்கும்.

வியர்த்த விரல் தொடு தகட்டில் தவறான கேற்களைக் கிளப்பும். உலர்ந்த துணி பக்கத்தில் இருக்கட்டும். கடற்கரையோர வீட்டில் உப்புக் காற்று 3.5 மில்லிமீற்றர் துளைகளை அரிக்கும். வாசிக்காதபோது மூடிவையுங்கள். துளை இரைந்தால் மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கில் கொன்டாக்ட் கிளீனர் தெளித்து, பலமுறை செருகி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகே திரும்பப் போடுங்கள்.