ஒரு விடிலி, ஒரு நாள்: குறைந்த செலவில் ஆவணப்படம் எடுக்கும் முறை

ஆவணப்படம் எடுக்க விரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது கேமராவின் விலையைத்தான். அதற்கு முன்பாக, பேருந்தில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய, திரும்பத் திரும்பப் போக முடிந்த ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்தில் பனையேறும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவர்கள் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கும் ஓலைக் குடிசைதான் விடிலி. ‘பனைத்தொழில்’ என்று தலைப்பு வைத்தால் பத்து ஆண்டுகள் போதாது. ‘ஒரு விடிலியில் ஒரு நாள் காய்ச்சும் கருப்பட்டி’ என்றால் பத்து நிமிடப் படம் கையில் வந்துவிடும்.

இரண்டாவதாக, இரண்டு மூன்று நாட்கள் கேமரா இல்லாமல் போய் உட்கார்ந்திருங்கள். படம் எங்கே வெளியாகும் என்பதைச் சொல்லி, வீட்டுப் பெண்களிடமும் சேர்த்துச் சம்மதம் கேளுங்கள். காய்ச்சும் வேலை பெரும்பாலும் அவர்களுடையது. பாளை சீவுவது, பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது, இறக்கியதை வடிகட்டுவது, காய்ச்சுவது, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவது என்று வேலை நடக்கும் வரிசையைக் குறித்துக்கொண்டால், அதுவே உங்கள் திரைக்கதை.

மூன்றாவது ஒலி, இருக்கிற பணத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். சட்டையில் குத்தும் கம்பி மைக் ஒன்று ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது; அதை, படம் எடுக்கும் போனில் அல்லாமல் இன்னொரு பழைய போனில் செருகி, விமானப் பயன்முறையில் வைத்து, பேசுகிறவரின் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். இரண்டு கருவிகளும் ஓடத் தொடங்கியபின் கேமராவின் முன்னால் ஒரு முறை கை தட்டினால், அந்தச் சத்தத்தை வைத்துப் பின்னர் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம். நம் பகுதியில் பெரிய எதிரி காற்று. ஆனி, ஆடியில் மலைக் கணவாய்களின் வழியாக மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பனையோலையை அடிக்கும் வேகத்தில் மைக்கில் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் பதியாது. மைக்குக்கு ரோம உறை போடுங்கள், பேட்டியை விடிலிக்குள்ளோ சுவர் மறைவிலோ வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும் இடைவெளிகளை நிரப்ப அது தேவைப்படும்.

நான்காவதாகப் படப்பிடிப்பு. போனில் விநாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்), ஷட்டர், அதாவது ஒவ்வொரு சட்டகமும் ஒளியை வாங்கும் நேரம், 1/50 விநாடி என்று வைத்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கின் கீழே படம் துடிக்காது. வெளிச்சத்தையும் ஃபோகஸையும் தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். மரத்தின் மேல் இருப்பவரைக் கீழிருந்து எடுக்கும்போது, வானத்தின் ஒளியில் அவர் வெறும் நிழலாகிவிடுவார். காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பக்கமாக நின்றுகொள்ளுங்கள். கை, கத்தி, கலயம், முகம் என்று ஒவ்வொன்றையும் அருகில் சென்று குறைந்தது பத்து விநாடி அசையாமல் எடுங்கள். ஒரு காட்சி தவறிப்போனால் அதற்காக அவரை மறுபடி ஏறச் சொல்லக் கூடாது. அது உயிரோடு விளையாடும் காரியம். மறுநாள் அவர் தாமாக ஏறும்போது நீங்கள் போங்கள்.

பேட்டியில் ‘ஆமாம், இல்லை’ என்று முடியும் கேள்விகள் வேண்டாம். “அண்ணாச்சி, மொத மொத மரம் ஏறுன அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் முடித்துவிட்டார் என்று தோன்றிய பிறகும் ஐந்து விநாடி காத்திருந்தால், பல நேரம் உண்மையான பதில் அப்போதுதான் வரும்.

அன்றைய பதிவை அன்றிரவே இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். பேச்சு முழுவதையும் தாளில் எழுதி, வேண்டியதை அடிக்கோடிட்ட பிறகே கணினியைத் தொடுங்கள்; டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். திரைப்படப் பாடல் எதையும் உரிமை பெறாமல் சேர்க்காதீர்கள். பாளை சீவும் ஓசையும் பதநீர் கொதிக்கும் ஓசையும் உங்களிடம் இருக்கின்றன. முதல் வெட்டு, அதாவது முதல் முறை தொகுத்த படம், முடிந்ததும் அதை விடிலிக்கே எடுத்துச் சென்று குடும்பத்தாருக்குப் போட்டுக் காட்டுங்கள். வேலையின் வரிசை மாறியிருந்தாலோ, நீக்கச் சொல்லும் பேச்சு ஏதேனும் இருந்தாலோ, அதைத் திருத்திய பிறகு வெளியிடுங்கள்.