பழைய கச்சேரிப் பதிவைக் கேட்டுச் சக ரசிகர்களுக்குக் குறிப்பு எழுதுவது எப்படி?

“அந்தக் காம்போதி இருக்கிறதே, தேன்!” என்று எழுதி அனுப்பினால், உங்கள் மகிழ்ச்சி போய்ச் சேரும், காம்போதி ராகம் போய்ச் சேராது. இரண்டரை மணி நேரப் பதிவில் எந்த நிமிஷத்தில், யார், என்ன செய்தபோது அப்படி இருந்தது என்று சொல்லுங்கள். படிப்பவர் நேரே அந்த இடத்துக்குப் போய்க் கேட்பார். கேட்டபின் ஒத்துப்போகலாம், மறுக்கலாம். இரண்டுமே நல்லதுதான். கர்நாடக இசைப் பதிவுகளைப் பற்றி அப்படிப்பட்ட குறிப்பு எழுதும் வழி கீழே.

முதலில், பதிவு எதிலிருந்து வந்தது என்று பாருங்கள்

பாடகர் ஏன் சுருக்கினார், ஏன் ஓடினார் என்ற கேள்விகளுக்குப் பாதி பதில் இங்கேதான் கிடைக்கும். 78 சுற்று இசைத்தட்டில், பத்து அங்குலத் தட்டென்றால், ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிஷம்தான். அதற்குள் ராகத்தைக் காட்டிக் கீர்த்தனையையும் முடிக்க வேண்டும். பாடகர் ஜி.என்.பி.யின் (ஜி.என்.பாலசுப்பிரமணியம்) இசைத்தட்டையும் அவருடைய கச்சேரிப் பதிவையும் பக்கத்தில் வைத்து, “தட்டில் விஸ்தாரம் இல்லை” என்று எழுதுவது நியாயமே அல்ல. கோயில் புறப்பாட்டில் மணிக்கணக்கில் நாகஸ்வரத்தில் தோடி வாசித்த டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்கும் தட்டில் கிடைத்தது சில நிமிஷங்கள்தான். தட்டில் பார்க்க வேண்டியது சிக்கனம்: முதல் பிடியிலேயே ராகம் தெரிகிறதா, எந்தச் சங்கதியை (ஒரே வரியை மாற்றிப் பாடும் விதத்தை) விட்டிருக்கிறார், எதை விடவில்லை.

எல்.பி. என்ற நீண்ட நேர இசைத்தட்டு ஒரு பக்கம் இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஓடும். ஒலிநாடாவில் சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிஷம், சி-90 என்றால் 45. வீட்டில் பதிவு செய்த நாடாக்களில் நாடாவைத் திருப்பிப் போடும்போது கொஞ்சம் விட்டுப்போயிருக்கும். 30 அல்லது 45 நிமிஷத்தை ஒட்டி ஒரு பாட்டு சட்டென்று அறுந்தாலோ, தனி ஆவர்த்தனம் (தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) நடுவில் தாவினாலோ, அது நாடாவின் குறை. “மோரா வைக்காமலே கோர்வைக்குப் போய்விட்டார்” (இரண்டும் தாள வாசிப்பின் முடிப்புகள்) என்று எழுதும் முன் இதைச் சரிபாருங்கள். கடைக்கு வந்த ஒலிநாடாக்களிலும் இடம் போதாமல் தனி ஆவர்த்தனத்தை வெட்டியிருப்பார்கள்.

சுருதியும் வேகமும்

பலர் தவறுகிற இடம் இதுதான். நாடா வேகமாக ஓடினால் சுருதியும் ஏறும், காலப்பிரமாணமும் (பாட்டு நடக்கும் வேகமும்) ஏறும். 6 சதவீதம் வேகம் கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) ஏறிவிடும்; 60 நிமிஷக் கச்சேரி 56 நிமிஷம் 36 விநாடியில் முடிந்துவிடும். ‘துரிதமான கச்சேரி’ என்று நாம் புகழ்வது சில சமயம் யாரோ ஒருவர் வீட்டு நாடா இயந்திரத்தின் வேகம்தான்.

சரிபார்க்க, கைபேசியில் ஒரு சுருதிமானிச் செயலி போதும். பாடகர் ஷட்ஜத்தில் (‘ஸ’வில்) நிற்கும் இடத்தை மூன்று முறை அளந்து பாருங்கள்: தொடக்கத்தில், நடுவில், மங்களத்தின்போது. ஒரு கட்டை மேற்கத்தியக் கணக்கில் ‘சி’, இரண்டு ‘டி’, ஐந்து ‘ஜி’. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே அரைக் கட்டை கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். அளவு இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுந்தால் அது ஒன்றே ஆதாரம் ஆகாது. தம்பூராவையே அப்படிச் சேர்த்திருக்கலாம். ஆனால் கச்சேரி போகப்போகச் சுருதி மெல்ல ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம். பதிவு செய்தபோது மின்கலம் தளர்ந்து நாடா மெதுவாக நகர்ந்திருக்கிறது. சரியான வேகத்தில் திருப்பிப் போடும்போது அந்தப் பகுதி ஏறிக் கேட்கிறது.

கீழ்ச் சுருதியைக் கேட்டவுடனே நாடாவின் மேல் பழி போடவும் வேண்டாம். பாடகர் எம்.டி.ராமநாதன் ஒரு கட்டைக்கும் கீழேதான் பாடினார். அந்தக் கனமும் நிதானமும் அவருடையவை.

எதில் கேட்டீர்கள் என்பதையும் குறிப்பில் ஒரு வரி சேருங்கள். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கம்) அநேகமாகக் கேட்காது. அதை வைத்து “இடது கை பேசவில்லை” என்று எழுதினால் வாசித்தவருக்குப் பெரிய அநியாயம். ஒரே மைக்கில் எடுத்த பழைய பதிவுகளில் வயலின் தூரத்தில் ஒலிக்கும். அதுவும் வயலின்காரர் அடங்கி வாசித்ததற்கு அத்தாட்சி அல்ல.

மூன்று தடவை கேளுங்கள்

முதல் தடவை பேனாவைத் தொடாமல் முழுதும் கேளுங்கள். மனசில் தானாக நிற்கும் இடங்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். அவைதான் உங்கள் குறிப்பு.

இரண்டாம் தடவை கடிகாரத்தோடு. ஒவ்வொரு உருப்படிக்கும் தொடங்கும் நேரம், ராகம், தாளம், இயற்றியவர் என்று ஒரு வரி. சாகித்தியம் தெரியாவிட்டால் முத்திரை (இயற்றியவர் பாட்டில் வைக்கும் அடையாளச் சொல்) கைகொடுக்கும்: ‘குருகுஹ’ என்றால் தீட்சிதர், ‘ச்யாமக்ருஷ்ண’ என்றால் சியாமா சாஸ்திரி, ‘ராமதாஸ’ என்று வருகிற தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் பாபநாசம் சிவன். தீட்சிதர் கிருதிகள் பலவற்றில் ராகத்தின் பெயரும் சாகித்தியத்திலேயே ஒளிந்திருக்கும்.

மூன்றாம் தடவை, அந்த இரண்டு மூன்று இடங்களை மட்டும், ஐந்தாறு முறை. ‘ஏன் இது நம்மைப் பிடித்தது?’ என்பதற்கு இங்கேதான் விடை வரும். ஏதோ ஒரு ஸ்வரத்தில் நின்ற கார்வையாக (நீட்டலாக) இருக்கலாம். வயலின் சொன்ன பதிலாக இருக்கலாம். மிருதங்கம் அந்த ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) முழுக்க நிறுத்திக்கொண்டதாகவும் இருக்கலாம்.

எதைக் கவனித்து எழுதுவது

ஆலாபனையில் (பாட்டுக்கு முன் ராகத்தை மட்டும் விரிக்கும் பகுதியில்) பாதையை எழுதுங்கள்: எந்த ஸ்வரத்தில் தொடங்கினார், எதில் எவ்வளவு நேரம் நின்றார், தார (மேல் ஸ்தாயி) ஷட்ஜத்துக்கு எத்தனையாவது நிமிஷத்தில் போனார், பிருகா (வேகமான ஸ்வரக் கோவை) எங்கே வந்தது. எழுதும் முறைக்கு ஒரு மாதிரி:

“காம்போதி ஆலாபனை 41:10. முதல் நான்கு நிமிஷம் மந்தர பஞ்சமத்துக்கும் மத்திய காந்தாரத்துக்கும் நடுவிலேயே. 45:30-இல் ‘ஸநிபதஸ’ பிடி, காகலி நிஷாதத்தை ஒரே ஒரு முறை லேசாகத் தொட்டுவிட்டு நகர்கிறார். தார ஷட்ஜக் கார்வை 49:05. அது தீரும்வரை வயலின் கீழே பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 52:20-க்குப் பிறகு வரும் பிருகாக்கள் எனக்குக் கொஞ்சம் அதிகம்.”

இதில் ‘தேன்’ இல்லை. ஆனால் படிப்பவர் 49:05-க்குப் போகாமல் இருக்கமாட்டார்.

கீர்த்தனையில் சொல் எப்படி விழுகிறது என்று கேளுங்கள். பதம் பிரிப்பதில் பொருள் கெடுகிறதா, சங்கதிகள் ஒன்றிலிருந்து ஒன்று வளர்கின்றனவா என்று. நிரவலுக்கு (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவதற்கு) எடுத்துக்கொண்ட வரியை அப்படியே எழுதுங்கள்: தோடி ‘கத்தனு வாரிகி’யில் ‘நித்துர நிராகரிஞ்சி’, பைரவி ‘பாலகோபால’வில் ‘நீலநீரத சரீர’, காம்போதி ‘ஓ ரங்கசாயி’யில் ‘பூலோக வைகுண்ட’ என்று வழக்கமான இடங்கள் உண்டு. வேறு வரியை எடுத்திருந்தால் அதுவே சொல்லத்தக்க சேதி. நிரவலில் ஒவ்வொரு சொல்லும் தாளத்தில் தன் இடத்திலேயே வந்து விழ வேண்டும். விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால், சொல் நகர்ந்தது உடனே தெரிந்துவிடும்.

தாளம் போடும்போது எடுப்பையும் (பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தையும்) குறித்துக்கொள்ளுங்கள்: சமமா, அரை இடம் தள்ளியா, முக்கால் இடமா, ஒன்றரையா. ஸ்வரம் முடிந்து எடுப்புக்கு வருவதில்தான் பாதி சுகம். ராகம் தானம் பல்லவி என்றால் தாளம், களை (தாளத்தின் ஒவ்வொரு எண்ணிக்கையும் எத்தனையாகப் பிரிகிறது), எடுப்பு, அருதி (பல்லவியின் நடு நிறுத்தம்) நான்கும் இல்லாமல் குறிப்பு முழுமையாகாது.

காலப்பிரமாணத்தை ‘நிதானம்’, ‘வேகம்’ என்று சொல்வதைவிட அளப்பது எளிது. ஒரு ஆவர்த்தனத்துக்கு எத்தனை விநாடி என்று நிறுத்துகடிகாரத்தில் பார்க்கலாம். ஒரு களை ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் எட்டு விநாடி என்றால், அட்சரத்துக்கு ஒரு விநாடி. பல்லவி எடுத்தபோது ஒரு தடவை, ஸ்வரத்தின் கடைசிக் கோர்வைக்கு முன் ஒரு தடவை அளந்து பாருங்கள். எட்டு விநாடி ஏழாகியிருந்தால் ‘ஓடிவிட்டது’ என்று தைரியமாக எழுதலாம். ஒரு ஆவர்த்தனத்தை மட்டும் அளந்தால் கைப்பிழை பெரிதாகும். நாலு ஆவர்த்தனத்தை அளந்து நாலால் வகுங்கள்.

தனி ஆவர்த்தனத்தைப் பற்றி எழுதுவோர் குறைவு. அது பெரிய குறை. கணக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சதுஸ்ரத்தில் (நாலு நாலாகப் போகும் நடையில்) எவ்வளவு நேரம், எந்த நடைக்கு மாறினார், கடமோ கஞ்சிராவோ இருந்தால் குறைப்பு (மாறி மாறி வாசித்துச் சுருக்கிக்கொண்டே போவது) எத்தனை ஆவர்த்தனத்தில் தொடங்கி எவ்வளவு சிறிதாகச் சுருங்கியது, கடைசிக் கோர்வை எடுப்புக்கு வந்ததா என்று நாலு வரி போதும். மிருதங்க வித்துவான்கள் பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை பதிவுகளில் தனியைவிடப் பாட்டுக்கு வாசித்த இடங்களையும் குறியுங்கள். அனுபல்லவியின் முடிவில் எதை வாசிக்காமல் விட்டார்கள் என்று கேட்பது பெரிய பாடம்.

ராகப் பெயரில் சந்தேகம் வந்தால்

சண்முகப்பிரியாவுக்கும் சிம்மேந்திரமத்யமத்துக்கும் நிஷாதம் ஒன்றே வித்தியாசம்: முன்னதில் கைசிகி (கீழ் நிஷாதம்), பின்னதில் காகலி (மேல் நிஷாதம்). வேகமான பாட்டில் தடுமாறினால், கார்வையாக நிஷாதம் வரும் இடத்துக்குப் போய்க் கேளுங்கள். ஆரபியும் தேவகாந்தாரியும் ஸ்வர வரிசையில் ஒன்றே. நீண்ட அசைவோடு நின்று நின்று போவது தேவகாந்தாரி, ஆரபி துள்ளி நடக்கும். தர்பார்-நாயகி, பைரவி-மாஞ்சி ஜோடிகளில் அனுபவசாலிகளுக்கே குழப்பம் வரும். உறுதி இல்லை என்றால் ‘தர்பார் அல்லது நாயகி, 12:40 காந்தாரத்தைக் கேட்டுச் சொல்லுங்கள்’ என்று எழுதிவிடுங்கள்.

தேதியை நம்பாதீர்கள்

பதிவின் தலைப்பில் இருக்கும் வருஷம் பல கை மாறி வந்தது. ஜி.என்.பி. 1965 மே 1 அன்று மறைந்தார். ‘1965 டிசம்பர் சீசன்’ என்று அவர் பதிவு வந்தால் அது தவறு. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967 ஜனவரியிலும், மதுரை மணி ஐயர் 1968-லும், பழனி 1962-லும் மறைந்தவர்கள். பக்கவாத்தியக்காரர்களின் காலத்தோடு ஒட்டிப் பார்த்தாலே பாதிப் பிழை பிடிபடும். வானொலிப் பதிவு என்றால் அறிவிப்பாளர் குரலை வெட்டாமல் கேளுங்கள். பெயர்களெல்லாம் அதில்தான் இருக்கும். வயலின், மிருதங்கம், உபபக்கவாத்தியம் (கடம், கஞ்சிரா போன்றவை) யார் என்று எழுதாமல் குறிப்பை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அனுப்பும்போது

இரண்டரை மணிக் கச்சேரிக்கு 300 சொல் போதும். நீங்கள் குறித்த நேரம் எந்தப் பிரதிக்கு உரியது என்று, அதன் மொத்த நீளத்தோடு சொல்லுங்கள். வேறொரு பிரதியில் அறிவிப்பை வெட்டியிருந்தால் எல்லா நேரமும் இரண்டு நிமிஷம் தள்ளிப்போகும். வெளியீட்டு நிறுவனத்தின் பதிவைக் கோப்பாக அனுப்ப வேண்டாம். இந்தியச் சட்டப்படி, ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுக்கு உரிமை இருக்கிறது. பெயரும் நேரமும் சொன்னாலே போதும்.

குறை சொல்ல வேண்டியிருந்தால் அதற்கும் நேரம் குறியுங்கள். ‘சுருதி சேரவில்லை’ என்பது வசை. ‘1:08:15-இல் தார காந்தாரம் எட்டவில்லை’ என்பது விமரிசனம். அதே வித்துவானின் நல்ல இடம் ஒன்றும் குறிப்பில் இருக்கட்டும், அது தேடினால் கிடைக்கும். யாராவது உங்களைத் திருத்தினால் பழைய வரியை அழிக்காமல், அதன் கீழேயே தேதியோடு திருத்தத்தை எழுதுங்கள். அடுத்து அந்தப் பதிவைத் திறப்பவருக்கு இரண்டு காதுகளின் கேள்வி கிடைக்கும்.