எடை குறைக்கும் ஊசிக்குப் பிறகு முகம் வாடினால்: பூச வேண்டியதும் பூசக்கூடாததும்

வாராவாரம் போட்டுக்கொள்ளும் எடை குறைப்பு ஊசி எங்கள் பக்கமும் வந்துவிட்டது. டிர்செபடைடு 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. எடைக்கான செமாகுளுடைடு அதே வருடம் ஜூனில் வெகோவி என்ற பெயரில் வந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் மெடிக்கல் ஷாப் நடத்தும் எனக்கு, அந்தச் சீட்டோடு வருகிறவர்களின் முகம் மாதாமாதம் மாறுவது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. நெற்றிப்பொட்டு குழிந்திருக்கும். மூக்கோரத்திலிருந்து வாய்வரை கோடு ஆழமாகியிருக்கும். தாடைக்குக் கீழே தோலைக் கிள்ளி விட்டால் பழைய இடத்துக்குப் போகக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

"மக்கா, சர்க்கரை குறைஞ்சிட்டு, முட்டுவலி போயிட்டு, எல்லாம் சந்தோஷந்தான். ஆனா கல்யாண வீட்டுக்குப் போனா ‘சுகமில்லையா’ன்னு எல்லாரும் கேக்காவ. நல்ல கிரீம் ஒண்ணு தா" என்று ஒரு டீச்சர் அக்கா கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காரணம். ஊசி முகத்தைத் தேடிப்பிடித்துக் கெடுப்பதில்லை. பசி குறைகிறது, உடம்பெங்கும் கொழுப்பு கரைகிறது, கன்னத்துக்கும் நெற்றிப்பொட்டுக்கும் அடியில் மெத்தைபோல் இருந்த கொழுப்பும் சேர்ந்து கரைகிறது. பஞ்சை எடுத்த தலையணை உறை மாதிரி, மேலே இருக்கும் தோல் தொய்ந்துவிடுகிறது. இளவயதில் தோல் ஓரளவு சுருங்கிக்கொள்ளும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தோலை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜனும் எலாஸ்டினும் ஏற்கெனவே குறைந்திருப்பதால் அந்த அளவுக்குச் சுருங்காது. எடை எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு பளிச்சென்று தெரியும். எடை குறைப்பு அறுவை சிகிச்சையிலோ கடும் பட்டினியிலோ மெலிந்தவர்களுக்கும் இதேதான் நடக்கும்.

அதனால் கிரீம் வாங்குமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். போன கொழுப்பை எந்தக் கிரீமும் திருப்பிக் கொண்டுவராது. மெல்லிய கோடுகளைச் சில மருந்துகள் ஓரளவு சரிசெய்யும். வறட்சி, மங்கல், கருமைத் திட்டு இவற்றில் பூச்சு நன்றாகவே வேலை செய்யும். "கொலாஜன் கிரீம்" என்று வருவதற்குப் பெரிய காசு கொடுக்காதீர்கள். கொலாஜன் மூலக்கூறு பெரியது, தோலுக்குள் இறங்காது. மேலே ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அந்த வேலையைக் கிளிசரின் கலந்த சாதாரண லோஷன் குறைந்த விலைக்குச் செய்யும்.

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். இருக்கிற கொலாஜனை வெயில்தான் அதிகம் அரிக்கிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் மேகம் மூடினால் வெயில் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். புற ஊதாக் கதிர் மேகத்தைத் தாண்டி வரும். முட்டம், குளச்சல் கரையில் மணலும் தண்ணீரும் அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும். எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல் எடுத்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கி, முகம், காது, கழுத்து எல்லாம் பூசுங்கள். ஸ்கூட்டியில் போகிறவர்களும் வெளிவேலை செய்கிறவர்களும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்வையில் வழிகிறது என்றால் ஜெல் வகை வாங்கலாம். மங்கு இருப்பவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு சேர்த்த, நிறம் கலந்த சன்ஸ்கிரீன் நல்லது.

ராத்திரிக்கு ரெட்டினாய்டு, அதாவது வைட்டமின் ஏ வகைப் பூச்சு. சுருக்கத்துக்கு நீண்ட காலமாக ஆராய்ந்து பார்க்கப்பட்ட மருந்து டிரெடினாயின். 0.025 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம், டாக்டர் சீட்டு வேண்டும். ரெட்டினால் அதைவிட மெதுவானது, புதிதாகத் தொடங்குகிறவர்களின் தோல் தாங்கும். பூசும் முறையில்தான் பலர் முகத்தைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். முகம் கழுவித் துடைத்தபின் ஈரம் முழுக்கக் காயும்வரை இருங்கள். ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, நாடி என்று புள்ளி வைத்து மெல்லத் தடவுங்கள். முழு முகத்துக்கும் அந்த ஒரு பட்டாணி போதும். கண்ணோரம், உதட்டோரம், மூக்கு மடிப்பு வேண்டாம். அதற்கு மேலே மாய்ஸ்சரைசர். எரிச்சல் வருகிற தோல் என்றால் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை மாய்ஸ்சரைசர் போடுங்கள். முதலில் வாரத்துக்கு இரண்டு ராத்திரி, தோல் பழகியபின் ஒன்றுவிட்டு ஒரு நாள். ஆரம்பத்தில் லேசாகத் தோல் உரியும். சிவந்து எரிந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள், ஏனென்றால் நம் நிறத்துக்கு எரிச்சல் ஆறிய இடத்தில் கருப்பு தங்கிவிடும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

பெண்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கு முயற்சி செய்தாலோ ரெட்டினாய்டு எதுவும் வேண்டாம். பி.சி.ஓ.டி.யால் (சினைப்பை நீர்க்கட்டி) வருடக்கணக்கில் குழந்தை நிற்காதவர்களுக்கு எடை குறைந்ததும் எதிர்பாராமல் நிற்பது உண்டு. டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். அதனால் ஊசி தொடங்கியும், ஒவ்வொரு முறை டோஸ் கூட்டியும் நான்கு வாரத்துக்கு வேறு தடுப்பு வேண்டும். குழந்தை வேண்டுமென்றால் ஊசியையே முன்கூட்டி நிறுத்த வேண்டும், செமாகுளுடைடு என்றால் இரண்டு மாதம் முன்பே. இதை உங்கள் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

மாய்ஸ்சரைசரை முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே பூசுங்கள் (ரெட்டினாய்டு பூசும் ராத்திரி மட்டும் முகம் காய்ந்தபின்). செராமைடு, கிளிசரின், ஹயலுரானிக் அமிலம் இவற்றில் எது இருந்தாலும் சரி. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றுக் காலத்தில் தோல் சட்டென்று வறளும், அங்கே கெட்டியான கிரீம் எடுங்கள். தேங்காய் எண்ணெயை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, விடவும் வேண்டாம். வறண்ட தோலுக்கு ராத்திரி கடைசியாக இரண்டு சொட்டு தடவலாம். பரு வரும் முகம் என்றால் அதைத் தலைக்கும் உடம்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் காசு மிச்சமிருந்தால் காலையில் சன்ஸ்கிரீனுக்கு முன்னால் வைட்டமின் சி சீரம் போடலாம், 10 முதல் 20 சதவீதம். பாட்டிலில் இருப்பது பழுப்பாகிவிட்டால் கெட்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள். நம்மூர் வெக்கைக்கு ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நியாசினமைடு 5 சதவீதம் சாந்தமானது, கருமைக்கும் உதவும்.

பின்கழுத்தில் வெல்வெட் மாதிரி கருத்துத் தடித்திருக்குமே, அதைத் தேய்க்காதீர்கள். பெரும்பாலும் அது இன்சுலின் கோளாறால் வருவது. எடை இறங்க இறங்கத் தானாக மங்கும்.

இப்போது பூசக்கூடாதது. வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் லேபிள் இல்லாத சிவப்பழகு கிரீம் இருக்கும். தயவுசெய்து தொடாதீர்கள். கேரளாவில் மலப்புரத்தில் 2023-ல் அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது, கிரீமில் பாதரசம் இருந்தது. அடுத்தது ஸ்டீராய்டு. டியூபின் பின்பக்கம் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால், டாக்டர் எழுதித் தராமல் முகத்தில் வைக்காதீர்கள். நாலு நாளில் முகம் பளபளக்கும், அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். நாள்பட நாள்பட தோலை மெலியவைக்கும், சிவப்பு நரம்பு தெரியும், நிறுத்தினால் எரியும். ஏற்கெனவே தொய்ந்த தோலுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. எலுமிச்சம்பழச் சாறும் வேண்டாம், வெயில் பட்டால் பொள்ளிவிடும்.

அப்புறம் சாப்பாடு. பசி இல்லை என்று பாதித் தோசையோடு நாளை ஓட்டினால் எந்தக் கிரீமும் நிற்காது. தட்டில் மரச்சீனியைக் குறைத்து, சாளையோ அயிலையோ நெத்திலியோ முதலில் சாப்பிடுங்கள். சைவம் என்றால் பயறு, தயிர், பனீர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குமட்டலில் தண்ணீர் குடிக்க மறந்துவிடும், அதனால் ஒரு பாட்டிலைப் பக்கத்திலேயே வையுங்கள். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் டோஸைப் பற்றிப் பேசுங்கள். முகத்துக்காக நீங்களாக ஊசியை நிறுத்த வேண்டாம். முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் மட்டும், காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவ்வளவும் செய்து குழி மட்டும் மிச்சம் என்றால் அதற்கு வழி, குழியை நிரப்பும் ஃபில்லர் ஊசி. எடை ஒரு நிலைக்கு வந்து சில மாதம் நின்றபின் தோல் டாக்டரிடம் போங்கள், பியூட்டி பார்லரில் போடாதீர்கள். ரத்தக் குழாயில் ஏறிவிட்டால் கண்பார்வையே போகும் ஆபத்து உண்டு. போடுமுன் மருந்தின் பெயரைக் கேளுங்கள், பெட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். ஹயலுரானிக் அமில ஃபில்லர் என்றால், தேவைப்பட்டால் அதைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் அந்த இடத்திலேயே இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.