மெட்ரோ கட்டுமானத்தில் அபாயகரக் கழிவு: வழக்கமாக நடக்கும் தவறுகள்

சுரங்கப் பாதை தோண்டும் ஊரில் மக்கள் கண்ணில் படுவது மண் லாரிதான். புழுதி, சேறு, சாலையில் வழியும் பென்டோனைட் (தோண்டும்போது பயன்படுத்தும் களிமண்) குழம்பு என்று புகார்களும் அதைச் சுற்றியே வரும். சட்டம் அபாயகரமானவை என்று பட்டியலிடும் கழிவுகளோ அளவில் சிறியவை. ஏதோ ஒரு மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடப்பவை. கொஞ்சம்தானே என்று அவற்றுக்குத் தனியாக ஆளும் போடுவதில்லை.

ஜெனரேட்டரில் மாற்றிய பழைய எண்ணெயைச் சென்ட்ரிங் தகடுகளில் பூசுவது நம் ஊரில் சர்வசாதாரணம். பூசுபவர் கையில் உறை இருக்காது. மழை பெய்தால் அது மண்ணுக்குள் இறங்கும். கான்கிரீட்டிலும் கறை படியும். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அந்த எண்ணெய் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கே போக வேண்டும். ரசாயனம் படிந்த காலி டிரம்மும் எண்ணெய் துடைத்த துணியும்கூட அதே விதிகளின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஆனால் டிரம்மின் மேல்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, தொழிலாளர் குடியிருப்பில் குளிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள். இதைவிட மோசமான சிக்கனம் வேறு இருக்க முடியாது. காலி டிரம்மை ஸ்டோரில் ஒப்படைத்தால்தான் அடுத்தது கிடைக்கும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்தாலே பாதி தீர்ந்துவிடும்.

நிலையத்துக்காகப் பழைய கட்டடங்களை இடிக்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பொக்லைன் கொண்டு நொறுக்குவது அடுத்த தவறு. தகட்டை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடையாமல் இறக்கி, தடித்த பாலித்தீனில் சுற்ற வேண்டும். நொறுங்கி இடிபாட்டோடு கலந்துவிட்டால் அந்தக் குவியல் முழுவதையுமே ஆஸ்பெஸ்டாஸாகக் கருத வேண்டியதுதான்.

இவையெல்லாம் கழிவான பிறகு வரும் சிக்கல்கள். பயன்பாட்டில் இருக்கும்போதே நஞ்சு வெளியேறலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தெற்கு சுவீடனில் ஹாலண்ட்சோஸ் குன்றைக் குடைந்து ரயில் சுரங்கம் அமைக்கும் பணி 1992-இல் தொடங்கியது. பாறை இடுக்குகளிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதை அடைக்க 1997-இல் ரோக்கா-கில் என்ற ரசாயனத்தைச் சுமார் 1,400 டன் செலுத்தினார்கள். அதில் அக்ரிலமைடு இருந்தது. இறுகிவிட்டால் பெரிய ஆபத்தில்லை, இறுகாவிட்டால் நரம்பைத் தாக்கும். நீரோட்டம் கடுமையாக இருந்ததால் ஒரு பகுதி இறுகாமலே கரைந்து, சுரங்கத்திலிருந்து வெளியேற்றிய நீரோடு ஓடையில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன. அந்த நீரைக் குடித்த பசுக்கள் கால் செயலிழந்து விழுந்தன. தொழிலாளர்களுக்குக் கை கால் மரத்துப்போனது. வேலை நிறுத்தப்பட்டது, அந்தச் சுரங்கத்தில் ரயில் ஓடியது 2015 டிசம்பரில்தான்.

ரசாயனத்தின் ஆபத்துகளைச் சொல்லும் பாதுகாப்புத் தகவல் தாளைக் கோப்பில் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்வதும் இதே வகைத் தவறு. ரசாயனம் இறுக எவ்வளவு நேரமாகும், நம் சுரங்கத்தில் வரும் நீரோட்டத்துக்கு அது தாங்குமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். வெளியேற்றும் நீரை முதல் நாளிலிருந்தே சோதிக்க வேண்டும்.

கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் பணியிடத்தில் வைத்திருக்கக் கூடாது. லாரி புறப்படும்போது தரும் ஆவணத்துக்கு ஏழு வண்ண நகல்கள் உண்டு. அவற்றில் நீல நகல், கழிவைப் பெற்றுக்கொண்டவர் அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது. கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவு அகற்றும் நிலையத்துக்கு என்று புறப்பட்ட லாரி அங்கேதான் போனதா என்பதை உறுதிசெய்யும் சான்று அது. அந்த நகல் கைக்கு வராமல் கழிவு அகற்றிய பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.