2016 கேட்டேன், 2017 வந்தது: ஒயின் லேபிளில் ஆண்டைப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

நம் வீடுகளில் பழைய அரிசிக்கு எப்போதும் தனி மரியாதை. சோறு குழையாமல் பொலபொலவென்று வரும். அதே பழக்கத்தில்தான் ஒயின் பாட்டிலையும் கையில் எடுக்கிறோம் போலிருக்கிறது. லேபிளில் 2011 என்று இருந்தால் போதும், "அடேயப்பா, நல்ல பழசு!" என்று சொல்லிவிடுகிறோம். என் மாமா ஒருவர், யாரோ பரிசாகக் கொடுத்த சாதாரண வெள்ளை ஒயினை மகள் கல்யாணத்துக்கென்று ஒன்பது வருடம் ஃபிரிட்ஜின் தலையில் வைத்துக் காத்தார். ஊற்றியபோது கட்டன் சாயா நிறம். வாசனை, வெட்டி வைத்து மறந்துபோன ஆப்பிள். கல்யாண வீடாயிற்றே, யாரும் எதுவும் சொல்லவில்லை. கிளாஸை மட்டும் ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

கடையில் விற்கிற ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருடங்களில் குடித்துத் தீர்ப்பதற்கென்றே செய்யப்படுவது. பிரான்ஸின் பொழொலே நூவோ இதில் உச்சம்: திராட்சை அறுத்த அதே ஆண்டின் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை விற்பனைக்கு வந்துவிடும், சில மாதங்களில் குடித்துவிட வேண்டும். வருடக்கணக்கில் கிடந்து முதிர வேண்டுமென்றால் ஒயினுக்குள் அதற்கான சரக்கு இருக்க வேண்டும். துவர்ப்பு, புளிப்பு, அல்லது நல்ல இனிப்பு. மாமாவின் பாட்டிலில் மூன்றும் சொற்பம். போதாக்குறைக்கு ஃபிரிட்ஜின் சூடு வேறு.

லேபிளில் உள்ள அந்த எண் திராட்சையை அறுத்த ஆண்டைக் குறிக்கிறது. பாட்டிலில் அடைத்த ஆண்டோ கடைக்கு வந்த ஆண்டோ கிடையாது. பிரான்ஸின் போர்டோ பகுதியில் பெரிய தோட்டம் ஒன்றின் 2016 சிவப்பு ஒயின் அந்த இலையுதிர் காலத்தில் அறுக்கப்பட்டு, ஒன்றரை வருடம் போல ஓக் பீப்பாயில் கிடந்து, 2018-ல்தான் பாட்டிலுக்குள் போயிருக்கும். இன்னொன்று: ஆஸ்திரேலியா, சிலி, அர்ஜென்டினாவில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஆகவே ஒரே ஆண்டு போட்டிருந்தாலும் அவர்களுடைய ஒயின் பிரெஞ்சு ஒயினைவிட அரை வயது மூத்தது.

சரி, எந்த ஆண்டாக இருந்தால் என்ன? கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஆண்டு முழுக்க அறுப்பில் இருக்கும். "இது எந்த வருஷத்துப் பழம்?" என்று கேட்டால் வியாபாரி நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். போர்டோவில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. அட்லாண்டிக் கடல் பக்கம், எப்போது மழை வரும் என்று சொல்ல முடியாது. வறண்டால் தண்ணீர் பாய்ச்சவும் பொதுவாக விதிகள் இடம் கொடுப்பதில்லை. வசந்தத்தில் உறைபனி, பூக்கும்போது குளிர், கோடையில் ஆலங்கட்டி, அறுக்கும் நேரத்தில் மழை என்று ஒவ்வொரு பருவத்திலும் ஒரு கண்டம் உண்டு. மாம்பூ மழையில் கொட்டிப்போனால் அந்த வருடம் மாங்காய் இல்லை என்று நமக்குத் தெரியும். 2013-ல் போர்டோவில் மெர்லோ திராட்சைக்கு நடந்தது அதுதான். பூக்கும் நேரத்தில் குளிரும் மழையும் சேர்ந்துகொண்டன, பல பூக்கள் பிஞ்சாகவில்லை. ஆகஸ்டில் ஆலங்கட்டி விழுந்தது, அறுவடை நெருங்கும்போது அழுகல் பரவியது. 2010-ல் எல்லாம் நேர்மாறு: வறண்ட கோடை, குளிர்ந்த இரவுகள், சிறிய தடித்த தோல் பழங்கள். அந்த ஆண்டின் நல்ல பாட்டில்களில் துவர்ப்பும் புளிப்பும் சாராய வலுவும் மூன்றுமே ஓங்கி நிற்கும்.

இவ்வளவு தெரிந்துகொண்டவர்கள் அடுத்து செய்யும் தவறு, ஆண்டுகளுக்கு மதிப்பெண் போட்ட அட்டவணை ஒன்றை போனில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது. நானும் செய்திருக்கிறேன். போர்டோ என்பது ஒரே வயல் இல்லையே. ஜிரோந்து கழிமுகத்தின் இடது கரையில் கேபர்னே சாவிஞான் திராட்சை அதிகம், வலது கரையில் மெர்லோ. மெர்லோ முந்திப் பழுக்கும், கேபர்னே பிந்தும். 1964 அக்டோபரில் பெருமழை கொட்டத் தொடங்கியபோது வலது கரைக்காரர்கள் பெரும்பாலும் அறுத்து முடித்துவிட்டார்கள். இடது கரையில் பழம் கொடியிலேயே நனைந்தது. அங்கேயும் முந்திக்கொண்ட ஷத்தோ லத்தூர் தோட்டத்தின் 1964 இன்றும் பேசப்படுகிறது, காத்திருந்த பக்கத்துத் தோட்டக்காரர்கள் அந்த ஆண்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. 1998-லும் வலது கரைக்குத்தான் யோகம். 2017 ஏப்ரல் கடைசியில் உறைபனி தோட்டம் தோட்டமாகக் கருக்கியபோது, கழிமுகத்தை ஒட்டிய தோட்டங்கள் பல தண்ணீரின் வெதுவெதுப்பில் தப்பித்தன. அட்டவணையில் 2017-க்கு எதிரே இருக்கும் ஒற்றை எண் இதில் எதைச் சொல்லும்?

தவிர, அந்த எண்களுக்கான முதல் தீர்ப்பு, அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே, பீப்பாயிலிருந்து எடுத்த மாதிரியைச் சுவைத்துச் சொல்லப்படுவது. பாலகனைப் பார்த்து ஜாதகம் கணிப்பது போலத்தான். 1975 போர்டோவை அன்று கொண்டாடினார்கள். பல பாட்டில்களில் பழச்சுவை போய்ச் சேர்ந்த பிறகும் துவர்ப்பு மட்டும் இளகாமல் உட்கார்ந்திருந்தது.

தலைப்பில் சொன்ன கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் உணவகத்தில் மெனு அட்டையில் 2016 என்று இருந்த இடது கரை ஒயினைக் கேட்டேன். பையன் பாட்டிலைக் கொண்டுவந்து லேபிளைக் காட்டினான். நான் தோட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துத் தலையாட்டினேன். கார்க்கை உருவி மேசையில் வைத்த பிறகுதான் அதன் பக்கவாட்டில் அச்சாகியிருந்த 2017 கண்ணில் பட்டது. விலையோ 2016-க்கு உரியது. மேலாளர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். ஒன்றே அல்ல. ஆனால் லேபிளைக் காட்டுவதே ஆண்டைச் சரிபார்த்துக்கொள்ளத்தான், பார்க்காமல் தலையாட்டியது நான். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு 2017-தான் குடிக்கச் சுகமாக இருந்தது. 2016 வலுவான ஆண்டு. அத்தனை இளமையில் திறந்தால் நெல்லிக்காய் கடித்த மாதிரி ஈறெல்லாம் இழுத்துப் பிடிக்கும். சுமாரான ஆண்டுகள் சீக்கிரம் பக்குவமாகிவிடும், விலையும் குறைவு. "பெரிய ஆண்டை" வாங்கி அன்று மாலையே திறப்பதைவிடக் காசை வீணாக்கும் வழி வேறில்லை.

இரண்டு ஆண்டுகளை ஒப்பிட ஆசையிருந்தால் ஒரே தோட்டம், ஒரே ஒயின், இரண்டு பாட்டில் வாங்குங்கள். தோட்டத்தையும் மாற்றி ஆண்டையும் மாற்றினால் எதனால் எது என்று தெரியாது. வெள்ளைத் தாளுக்கு மேலே கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள்: இளசில் ஊதா, முதிர முதிர செங்கல் நிறம். குளிர்ந்த ஆண்டு என்றால் நாக்கின் ஓரத்தில் புளிப்பு ஊறும், சில சமயம் பச்சைக் குடைமிளகாயின் வாசனைகூட வரும். வெயில் ஆண்டு என்றால் பழப்பாகும் தொண்டையில் சூடும். பழைய பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள், அடியில் மண்டி தங்கட்டும். ஏசியை நிறுத்தினால் 34 டிகிரி இருக்கும் நம் ஊர் உணவக அறையில் வைத்துப் பரிமாறினால் எந்த ஆண்டும் சாராயம்தான். சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி போதும்.

ஆண்டே போடாத ஷாம்பெயினை மட்டம் என்று ஒதுக்குவதும் தப்பு. பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் வானிலை அவ்வளவு மோசம் என்பதால் பல ஆண்டுகளின் ஒயினை வேண்டுமென்றே கலந்து ஒரே சுவையைக் காக்கிறார்கள். போர்ச்சுகலின் போர்ட் ஒயின்காரர்கள் நல்ல ஆண்டுகளில் மட்டும் விண்டேஜ், அதாவது ஆண்டு போட்ட ஒயின், என்று அறிவிப்பார்கள். போர்டோவின் சோட்டர்ன் பகுதியில் உள்ள ஷத்தோ தீக்கெம் தோட்டம், 1972, 1992, 2012 போன்ற ஆண்டுகளில் தன் பெயரில் இனிப்பு ஒயினையே வெளியிடவில்லை.

ஆண்டை மட்டும் பார்த்து மயங்கியவர்களை வைத்துச் சம்பாதித்தவர் போலி ஒயின் வியாபாரி ரூடி குர்னியவான். 2008 ஏப்ரலில் நியூயார்க் ஏலத்துக்கு அவரிடமிருந்து வந்த பிரான்ஸின் பர்கண்டி பகுதிப் பாட்டில்களில், தொமேன் போன்சோ என்ற குடும்பத் தோட்டத்தின் க்ளோ சாந்தெனி ஒயின் இருந்தது. லேபிள்களில் 1945 முதல் 1971 வரையிலான ஆண்டுகள். சேகரிப்பாளர்கள் வாயைப் பிளந்தார்கள். செய்தி கேட்ட தோட்டக்காரர் லோரான் போன்சோ பிரான்ஸிலிருந்து விமானம் ஏறி வந்தார், அந்தப் பாட்டில்கள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. அவர் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1982-ல்தான்.